"பரிசீலனையில் இருக்கிறது" என்றால் ஆர்டர் வருமா, வராதா? போர்க்கப்பல் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வால்வு பட்டறை:

போர்க்கப்பல்களுக்குக் கடல்நீர் வால்வு செய்து கொடுக்கிற சிறிய பட்டறை எங்களுடையது. நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் வார்த்து, கடைந்து, அழுத்தச் சோதனை முடித்து அனுப்புவோம். கப்பல் தளத்தோடு நேரடி ஒப்பந்தம் கிடையாது. குழாய் வேலை முழுவதையும் எடுத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்குக் கீழே நாங்கள்.

முதல் தொகுதிக் கப்பல்களுக்கு அனுப்பியாகிவிட்டது. அடுத்த தொகுதிக்கு வரைபடம் வரை கைக்கு வந்தது. இப்போது அரசு பாதுகாப்புக் கொள்கையை மறுஆய்வு செய்கிறதாம். கப்பல் எண்ணிக்கை குறையலாம், வேறு ரகக் கப்பலாகவே மாறலாம், ஒன்றும் மாறாமலும் போகலாம் என்கிறார்கள். மேலே இருக்கும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது, நீங்கள் தயாராக இருங்கள்" என்பதோடு சரி. பேங்கிலோ, பர்ச்சேஸ் ஆர்டர் இருந்தால் கொண்டு வரச் சொல்கிறார்கள். அமைச்சர் மேடையில் சொன்ன எண்ணிக்கையைப் போய் மேனேஜரிடம் காட்ட முடியுமா?

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று வெளியில் இருந்து எப்படிக் கணிப்பது? அப்புறம், எங்களை மாதிரிச் சின்ன ஆட்கள் தடுமாறுவது புரிகிறது; பெரிய தளங்களே ஏன் இதில் இப்படித் திண்டாடுகின்றன? இதெல்லாம் அவர்களுக்குப் பழகியிருக்க வேண்டாமா?

பழைய பிளானர்:

கப்பல் தளத்தில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் தளம் என்பது வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம்.

அறிவிக்கும் எண்ணிக்கையை ஆசை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் டைப் 45 டெஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பல் 12 கட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. 2004இல் 8 ஆனது, 2008இல் 6 ஆனது. அமெரிக்காவின் சம்வால்ட் டெஸ்ட்ராயர் 32இல் தொடங்கி 3இல் நின்றது. அவர்களுடைய சீவுல்ஃப் நீர்மூழ்கி 29 என்று பேசி, கட்டியது 3. பிரான்சு தன் கடற்படைக்கு ஃப்ரெம் என்ற ரகத்தில் 17 ஃபிரிகேட் போர்க்கப்பல் என்று சொல்லி, 11க்கு வந்து, கடைசியில் 8இல் முடித்தது. ஆஸ்திரேலியா 2024இல் ஹன்டர் ஃபிரிகேட்டை 9இல் இருந்து 6 ஆக்கியது. எந்த நாடு, எந்தக் கட்சி என்றெல்லாம் வித்தியாசமே இல்லை.

எண்ணிக்கை குறைவதைக்கூடச் சமாளித்துவிடலாம். 6தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் தளம் அதற்கு ஏற்ற மாதிரி ஆளெடுக்கும், தகடு வாங்கும், மற்ற வேலை தேடும். "மறுஆய்வு முடிந்ததும் சொல்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பதைத்தான் சமாளிக்க முடியாது. அந்த இடைவெளியில் எதையும் வாங்கவும் முடியாது, எதையும் விடவும் முடியாது. கிரேன், உலர்துறை, வடிவமைப்பு அலுவலகம், பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு தின்னும். அந்தக் காசு அடுத்து வரும் கப்பலின் விலையில் ஏறும். விலை ஏறியதைப் பார்த்து நிதித்துறை இன்னும் ஒன்றைக் குறைக்கும்.

எங்கள் கிடங்கில் ஒரு கியர்பாக்ஸ் இருந்தது. முதல் கப்பலுக்கு ஆர்டர் போடும்போதே பின்னால் வரும் கப்பலுக்கும் சேர்த்து வாங்கியது. அப்படி வாங்கினால்தான் விலை படியும். கப்பல் தள்ளிப்போனது, கியர்பாக்ஸ் மட்டும் சொன்ன தேதியில் வந்து இறங்கிவிட்டது. மாதாமாதம் ஷாஃப்டைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் ஒரே இடத்தில் அழுந்தி வடு விழுந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்தில் இருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், எடுத்து மாற்ற வேண்டும். ரப்பர் சீல்களுக்கு அலமாரியில் இருந்தாலும் ஆயுள் உண்டு. காலாவதியானவற்றை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். வாரண்டியோ தளத்தின் வாசலில் இறங்கிய நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. கப்பல் கடலையே பார்க்கவில்லை, வாரண்டி முடிந்துபோனது. இதெல்லாம் எந்த பட்ஜெட் அறிக்கையிலும் "கொள்கை மாற்றத்தின் செலவு" என்ற தலைப்பில் வராது.

கியர்பாக்ஸையாவது பெட்டியில் போட்டு வைக்கலாம். ஆளை வைக்க முடியாது. இங்கிலாந்தின் பாரோ தளம்தான் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பனிப்போர் முடிந்தபின் நீர்மூழ்கி ஆர்டர்கள் வற்றின. வான்கார்டு ரகத்துக்கும் அடுத்த அஸ்டியூட் ரகத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. சுமார் 13,000 பேர் இருந்த தளம் 3,000 பேர் அளவுக்குச் சுருங்கியது. பிறகு அஸ்டியூட் வேலை வந்தபோது அணு நீர்மூழ்கி வடிவமைக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. 2003இல் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்தைத்தான் உதவிக்கு அழைக்க வேண்டி வந்தது. 2001இல் கட்ட ஆரம்பித்த முதல் கப்பல் 2010இல்தான் கடற்படையில் சேர்ந்தது.

இந்தியாவில் மும்பை மசகான் டாக் கப்பல் தளத்தின் கதையும் இதேதான். 1981இல் ஜெர்மனியின் எச்டிடபிள்யூ கப்பல் கட்டும் நிறுவனத்தோடு ஒப்பந்தம். இரண்டு நீர்மூழ்கி அங்கே, இரண்டு மும்பையில். மேலும் இரண்டு கட்டும் யோசனை 1987இல் லஞ்சப் புகார் கிளம்பியதோடு நின்றுபோனது. மும்பையில் கட்டிய ஷால்கி 1992இலும் ஷங்குல் 1994இலும் சேர்ந்தன. அதோடு வரிசை அறுந்தது. அடுத்த ஒப்பந்தம், ஸ்கார்பீன் ரக நீர்மூழ்கிகளுக்கு, 2005இல். அதில் முதல் நீர்மூழ்கியான கல்வாரி கடற்படைக்கு வந்தது 2017 டிசம்பரில். ஷங்குலுக்கு வெல்டிங் செய்த கைகள் கல்வாரிக்கு எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. அறிக்கையைப் படிக்காதீர்கள், முன்பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ், டர்பைன், ஸ்விட்ச்போர்டு, நீர்மூழ்கி என்றால் உலை சம்பந்தப்பட்ட பெரிய வார்ப்புகள், இவையெல்லாம் கப்பலுக்குத் தகடு வெட்டும் முன்பே ஆண்டுக்கணக்கில் முன்னால் ஆர்டர் போட வேண்டியவை. அதற்கு அரசு காசு கொடுத்துவிட்டால் அந்தக் கப்பல் பிழைக்க வாய்ப்பு அதிகம். டைப் 26 ஃபிரிகேட்டைப் பாருங்கள். 13 என்று பேசினார்கள். 2015 பிப்ரவரியில் முதல் 3 கப்பல்களுக்கான கருவிகளுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் மறுஆய்வில் 13, 8 ஆனது. 2017இல் கட்டுமான ஒப்பந்தம் போட்டது எத்தனைக்கு? அதே 3க்கு. அடுத்த 5க்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேச்சில் இருந்தவற்றில் 5 காணாமல் போயின, காசு கொடுத்த 3 அப்படியே நின்றன.

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த தொகுதிக் கப்பலுக்கு கியர்பாக்ஸ் ஆர்டர் போட்டாயிற்றா? கொள்முதல் பிரிவு சொல்லாது. கியர்பாக்ஸ் செய்பவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வெல்டிங் ஆய்வாளர்:

பிளானர் சார் ஆட்களைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெல்டரின் தகுதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 9606-1 தரப்படி, அந்த முறையில் அவர் தொடர்ந்து வெல்டிங் செய்கிறார் என்று 6 மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இல்லை என்றால் கையெழுத்து இல்லை, சான்றிதழ் செத்துப்போகும். மறுபடி டெஸ்ட் பீஸ் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, தேறினால்தான் உண்டு.

மறுஆய்வுக் காலத்தில் தளங்கள் இதற்காகவே பழைய தகடு, பழைய குழாய் எடுத்துக் கொடுத்து வெல்டர்களை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெல்டிங் புத்தகத்தில் நிரப்ப வேண்டுமே! குழாய் வெல்டர், அதிலும் தாமிர நிக்கல் குழாய் வெல்டர், சும்மா உட்கார மாட்டார். எண்ணெய் கம்பெனியில் இருந்து போன் வந்தால் போய்விடுவார். திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டார், சம்பளம் அங்கே அதிகம்.

கணக்குப்பிள்ளை:

பாதுகாப்பு பட்ஜெட் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எதிர்ப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று ஆகிவிடும்.

ஒரு கப்பல் ரகம் காகிதத்தில் தொடங்கிக் கடைசிக் கப்பல் சேர 20 ஆண்டு ஆகிறது. எதிரி 20 ஆண்டு அப்படியே நிற்பானா? 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் கருங்கடலில் மூழ்கியது. பெரிய கடற்படையே இல்லாத உக்ரைன், கடல் டிரோன்களை விட்டு ரஷ்யக் கப்பல்களைக் கிரிமியாவில் இருந்து நகர வைத்தது. இதைப் பார்த்த பிறகும் பத்தாண்டுக்கு முன் போட்ட எண்ணிக்கையை மாற்றாமல் கட்டிக்கொண்டே போனால் அதுவும் குற்றம்தான்.

ஆஸ்திரேலியா 2021 செப்டம்பரில் பிரெஞ்சு நீர்மூழ்கித் திட்டத்தை ரத்து செய்து அணு நீர்மூழ்கிப் பக்கம் போனதை எல்லோரும் திட்டினார்கள். 12 நீர்மூழ்கிக்கான திட்டம் அது. அதைக் கட்ட இருந்த நேவல் குரூப் நிறுவனத்துக்குச் சுமார் 83 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள், மொத்தமாகக் கைவிட்டுப்போனது சுமார் 340 கோடி. வலிதான். ஆனால் தேவைப்படாத கப்பலை 12 தடவை கட்டுவது அதைவிடப் பெரிய வலி என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியா தப்பா என்பது வேறு விவாதம்.

அப்புறம், தளத்துக்கு வேலை உறுதி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பிரிட்டன் அதையும் செய்து பார்த்தது. 2009இல் கப்பல் கட்டும் பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குக் குறைந்தது 23 கோடி பவுண்டு வேலை கொடுப்பதாக உத்தரவாதம். விமானந்தாங்கி வேலை முடிந்து டைப் 26 தொடங்காத இடைவெளியில் என்ன ஆயிற்று? கடற்படை கேட்டதோ இல்லையோ, 3 ரோந்துக் கப்பல் வாங்கினார்கள், 34.8 கோடி பவுண்டுக்கு. சும்மா இருப்பதற்குக் கொடுக்கும் காசுக்குக் கப்பலாவது வரட்டுமே என்ற கணக்கு. அத்தனை உத்தரவாதம் இருந்தும் போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் கட்டுவது 2014இல் நின்றுபோனது.

தளங்களும் ஒன்றும் சாமியார்கள் இல்லை. டெண்டர் பிடிக்கும்போது விலையைக் குறைத்துக் காட்டுவது, பின்னால் மாற்றம் வரும்போது ஒவ்வொன்றுக்கும் பில் போடுவது, இதையும் பார்த்திருக்கிறோம்.

பழைய பிளானர்:

கணக்குப்பிள்ளை சார், பில் போடுவோம்தான், மறுக்கவில்லை. மாற்றம் கேட்டது யார்?

கொள்கை மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறுகிற வேகமும் கப்பல் கட்டுகிற வேகமும் ஒத்துப்போவதில்லை, அதுதான் விஷயம். குயின் எலிசபெத் விமானந்தாங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2008 ஜூலையில். அதே ஆண்டு டிசம்பரில், மை காய்வதற்குள், இரண்டு ஆண்டு வரை தள்ளிப்போடச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டுகளின் பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் மொத்தச் செலவு சுமார் 160 கோடி பவுண்டு ஏறியது என்று அவர்களுடைய தணிக்கை அலுவலகமே எழுதியது. 2010 மறுஆய்வில், விமானத்தைக் கவண் வைத்து ஏவும் ரகமாக ஒன்றை மாற்றச் சொன்னார்கள். 2012இல் வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்றார்கள். இப்படிப் போய்த் திரும்பியதற்கு மட்டும் சுமார் 7.4 கோடி பவுண்டு. இதில் எதிரி எங்கே சார் மாறினான்?

அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் ஃபிரிகேட் இன்னும் மோசம். ஏற்கெனவே கடலில் ஓடுகிற ஐரோப்பிய ஃப்ரெம் கப்பலை எடுத்துக்கொள்வோம், ஆபத்து குறைவு என்று 2020இல் ஒப்பந்தம். 85 சதவீதம் மூலக் கப்பலைப் போலவே இருக்கும் என்றார்கள். கடற்படை தன் தேவைகளைச் சேர்க்கச் சேர்க்க அது 15 சதவீதத்துக்கும் கீழே போனது. வடிவமைப்பு முடியாமலே 2022 ஆகஸ்டில் கட்ட ஆரம்பித்தார்கள். முதல் கப்பல் 3 ஆண்டு பின்தங்கியது. 2025 நவம்பரில், கட்டிக்கொண்டிருக்கும் 2 போதும், அடுத்த 4 ரத்து என்று அறிவிப்பு வந்தது. தளத்தில் வரைபடம் மாறினால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பம்பைத் தள்ளி வைத்தால் குழாய் நகரும், குழாய் நகர்ந்தால் கேபிள் போகிற தட்டு நகரும். முன்பே அளந்து வெட்டி வைத்த கேபிள் ஒரு கை நீளம் பற்றாமல் போகும். போர்க்கப்பல் கேபிளை நினைத்த இடத்தில் ஒட்டுப் போட்டு நீட்ட விடமாட்டார்கள். முழுசாக உருவிப் புதிது இழுக்க வேண்டியதுதான்.

கொள்கையையும் மாற்றிக்கொண்டு தளத்தையும் கெடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. கோபேயில் மிட்சுபிஷி, கவாசாகி என்று இரண்டு தளங்கள். மாற்றி மாற்றி ஆண்டுக்கு ஒரு நீர்மூழ்கி. 2010இல் நீர்மூழ்கிகளின் எண்ணிக்கையை 16இல் இருந்து 22 ஆக்க முடிவெடுத்தார்கள். வேறு நாடாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று தளத்தை விரட்டி, 22 வந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஜப்பான் கட்டும் வேகத்தைத் தொடவே இல்லை. பழைய நீர்மூழ்கிகளைச் சில ஆண்டு கூடுதலாக ஓட்டியே 22க்கு வந்தது. எண்ணிக்கை மாறியது, வேலையின் தாளம் மாறவில்லை. ரகத்தையும் நடுநடுவே மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஒரு கப்பல் உண்டு என்பது மட்டும் அங்கே இருக்கும் வெல்டருக்குத் தெரியும்.

உங்கள் ரோந்துக் கப்பல் உதாரணத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். டைப் 26 சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் அந்த 3 கப்பலை வாங்கும் அவசியமே வந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:

ஜப்பானுக்குப் பக்கத்துக் கடலில் என்ன இருக்கிறது என்று 40 ஆண்டாகத் தெரியும் சார், அதனால் தாளம் பிடிக்க முடிகிறது. உலகின் எல்லா மூலைக்கும் கடற்படை அனுப்புகிற நாட்டுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. மற்றபடி 2008 தள்ளிவைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அது பட்ஜெட் ஆண்டின் கூத்து. அமெரிக்காவில் பட்ஜெட் நிறைவேறாமல் தற்காலிக நிதியில் அரசு ஓடும் மாதங்களில் புதிய திட்டம் எதையும் தொடங்கவே கூடாது என்பது விதி. காசு இருக்கும், கையெழுத்து இருக்காது.

வால்வு பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. பிளானர் சார் சொன்னபடி ஒரு கியர்பாக்ஸ் கம்பெனியில் இருக்கும் தெரிந்தவரிடம் விசாரித்தேன். அடுத்த தொகுதியில் ஒரு கப்பலுக்குத்தான் முன்பணம் வந்திருக்கிறதாம், மீதிக்கு இல்லை. மேலே இருக்கும் நிறுவனம் எங்களிடம் கேட்பதோ முழுத் தொகுதிக்கும் தயாராக இருக்கச் சொல்லி! வெண்கல இன்காட் (உருக்கி வார்ப்பதற்கான உலோகக் கட்டி) இப்போதே வாங்கி வைத்தால் விலை ஏற்றத்தில் இருந்து தப்பிக்கலாம் என்றும் யோசனை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பழைய பிளானர்:

அப்படியானால் ஒரு கப்பலுக்கான ஆள், ஒரு கப்பலுக்கான உலோகம். அதற்கு மேல் உங்கள் காசில் ஒரு கிலோ இன்காட்கூட வாங்காதீர்கள். விலை ஏறும் என்று கவலைப்படுபவர்கள் முன்பணம் கொடுக்கட்டும், அவர்கள் பெயரில் வாங்கி உங்கள் கிடங்கில் வையுங்கள்.

மீதிக் கப்பல்களுக்கு விலை கொடுக்கும்போது இந்தத் தேதி வரைதான் இந்த விலை என்று எழுதுங்கள். தேதி போடாத விலை, மறுஆய்வு முடிந்து மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். எந்தக் கட்டத்தில் ரத்து செய்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வார்ப்பு முடிந்தபின் ரத்தா, கடைசல் முடிந்தபின் ரத்தா என்று பிரித்து எழுதுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் தளத்தோடு அவர்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருக்கும், அதனால் கொடுத்துவிடுவார்கள். வார்ப்பு அச்சுகள் யாருடைய சொத்து என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. புதுக் கப்பல் தள்ளிப்போனால் பழைய கப்பல் கூடுதலாக ஓடியாக வேண்டும். பிரிட்டனின் டைப் 23 ஃபிரிகேட் 18 ஆண்டு ஓடுவதற்காகக் கட்டியது. அதன் இடத்துக்கு வர வேண்டிய டைப் 26 தாமதமாக, அதில் சில 30 ஆண்டையும் தாண்டின. கடல்நீர்க் குழாய்தான் முதலில் அரிக்கும், உங்களுக்குத் தெரியாததா? மறுஆய்வுக் காலத்தில் புதுக் கட்டுமானப் பிரிவின் வாசலில் நின்று பிரயோசனம் இல்லை. பழைய கப்பல்களைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் ரீஃபிட் பிரிவுக்குப் போங்கள். அவர்களிடம் அந்த ஆண்டே செலவழித்தாக வேண்டிய காசு இருக்கும், வால்வுக்கு அவசரமும் இருக்கும். அளவு சிறியதுதான், ஆனால் உங்கள் கடைசல்காரர்களை அனுப்பாமல் வைத்திருக்க அது போதும்.

வால்வு பட்டறை:

ரீஃபிட் பக்கம் நாங்கள் போனதே இல்லை சார். அங்கே எங்களைத் தெரியாதே. எதைக் காட்டி நுழைவது?

பழைய பிளானர்:

ஏற்கெனவே அனுப்பிய வால்வுகளின் வார்ப்பு எண், உலோகச் சோதனை அறிக்கை, அழுத்தச் சோதனைச் சான்றிதழ் எல்லாவற்றையும் கப்பல்வாரியாகப் பிரித்து ஒரு கோப்பாகக் கொண்டு போங்கள். பழைய கப்பலில் பொருத்தியிருக்கும் வால்வை யார் செய்தது என்றே தெரியாமல் அங்கே பாதி நாள் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரைப் பாருங்கள், மேனேஜரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.